மார்ச் மாதத்து அரைப் பக்கம்

வங்கிக்காரர்களுக்கு வருடத்தில் ஒரே ஒரு மாதம்தான் உண்டு. மார்ச். மற்ற பதினொன்றும் அதற்கு முன்னால் இருக்கின்றன, இல்லாவிட்டால் பின்னால் இருக்கின்றன. கல்யாணத்துக்குத் தேதி பார்க்கும்போது, "மார்ச்ல வேணாம், இவளுக்குக் குளோசிங்" என்று சொந்தக்காரர்கள் தாங்களாகவே தள்ளிவைக்கும் அளவுக்கு எங்கள் வீட்டில் இது பழகிப்போயிருந்தது.

அதிலும் 2004 மார்ச் எங்களைச் சோதிப்பதற்கென்றே வந்தது. மார்ச் 6, சனிக்கிழமை, கும்பகோணத்தில் மகாமகம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவது. எங்கள் வீடு குளத்திலிருந்து நடந்துபோகிற தூரம். அதனால் எந்த ஊரில் எந்த உறவு இருந்தாலும் தலை சாய்க்க எங்கள் கூடம்தான். மகளுக்கு பிளஸ் டூ பரீட்சை. வங்கியிலோ, தவணை கட்டாமல் 180 நாள் போனால் வராக்கடன் என்றிருந்த கெடு 90 நாளாகக் குறைந்து, அந்தக் கணக்கில் முதல்முறையாகப் புத்தகம் முடிக்கவேண்டிய மார்ச் 31. இதெல்லாம் போதாதென்று பிப்ரவரி 29ஆம் தேதி மக்களவைத் தேர்தலையும் அறிவித்துவிட்டார்கள். தேர்தல் என்றால் எங்கள் பெயர்ப் பட்டியல் கலெக்டர் ஆபீசுக்குப் போகும்.

அந்த 29ஆம் தேதி ராத்திரிதான் வங்கியில் இலவசமாகக் கொடுத்த டயரியை எடுத்து மார்ச் 1ஆம் தேதிப் பக்கத்தின் தலையில் எழுதினேன். தினம் குறுந்தொகையில் ஒரு பாட்டு. எம்.வி.வெங்கட்ராமின் 'வேள்வித் தீ'யை மாதக் கடைசிக்குள் முடிப்பது. தினம் இதே டயரியில் அரைப் பக்கம் எழுதுவது.

என் கணவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "மார்ச்லயா?" என்றார். அவர் பள்ளி ஆசிரியர். பரீட்சை மேற்பார்வை, விடைத்தாள் திருத்தல் என்று அவருக்கும் அது ஓடுகிற மாதம்தான். "ஏப்ரல்ல வச்சுக்கயேன், அக்கடான்னு இருக்கும்."

அக்கடா என்று இருக்கும் மாதத்தில் நான் என்ன செய்வேன் என்பது எனக்குத் தெரியும். பரணை ஒழிப்பேன், வடாம் போடுவேன், மத்தியானம் தூங்குவேன். புத்தகம் தலையணைக்கு அடியிலேயே கிடக்கும்.

காலை நாலரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் படிப்பது, இரவு பத்துக்கு மேல் எழுதுவது என்று கடிகாரத்தை வைத்துத் திட்டம் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஆண்கள். எங்கள் மாமனார் சாமிநாதையர் கதையைச் சொல்லாத வாரம் கிடையாது. உ.வே.சா. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராகச் சேர்ந்தது, அதே வருடம் இங்கே முனிசீப்பாக இருந்த சேலம் ராமசாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டது, பகலெல்லாம் பாடம் சொல்லிவிட்டு மற்ற நேரமெல்லாம் ஏட்டோடு உட்கார்ந்து 1887இல் அச்சுப் புத்தகமாகக் கொண்டுவந்தது, எல்லாம் வரிசையாக வரும். "வேலை வேலைன்னா அவர் என்ன பண்ணியிருப்பார்?" என்று முடிப்பார். நானும் தலையாட்டுவேன். அந்த ஏழு வருடமும் அவருக்கு யார் சமைத்துப் போட்டார்கள் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டு உள்ளே போய்விடும். மாமனார் நல்லவர், ரசத்துக்கு உப்புக் குறைந்தால்கூடச் சொல்லமாட்டார்.

மார்ச்சில் எந்த மணியும் என்னுடையதாக இருக்கப்போவதில்லை. நாலரை மணி அடுப்புக்கு, பத்து மணி மகளுக்கு, நடுவில் இருப்பது முழுக்க வங்கிக்கு. ஆனால் சில இடங்கள் இருந்தன. தினமும் நான் போய் நின்றே ஆகவேண்டிய, நிற்கும்போது வேறொன்றும் செய்யமுடியாத இடங்கள். பஸ், ஸ்ட்ராங் ரூம் வாசல், மகளின் படிப்பு மேஜை. எந்த மணிக்கு என்பதை விட்டுவிட்டு எந்த இடத்தில் எதை என்று மட்டும் பிரித்துக்கொண்டேன். மற்றவர்களுக்கு இது உதவுமா என்பது வேறு விஷயம். எனக்கு அந்த மாதத்தை இதுதான் ஓட்டிக்கொடுத்தது.

என் கிளை ஆடுதுறையைத் தாண்டி ஒரு கிராமத்தில். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் பஸ்ஸில் ஏறினால் திருபுவனம், திருவிடைமருதூர், அப்புறம் ஆடுதுறை. திருவிடைமருதூர் வரைக்கும் உட்கார இடம் கிடைக்காது. கோயிலுக்கும் கோர்ட்டுக்கும் வந்தவர்கள் அங்கே இறங்கினால்தான் ஜன்னலோரம் கிடைக்கும். நின்றுகொண்டு போகிறவளுக்கு ஒரு கைதான் மிச்சம். இன்னொரு கை கம்பியில். புத்தகம் என்பது இரண்டு கையையும் கேட்கிற சாமான். தோள்பை வேறு.

அதனால் முதல் நாள் ராத்திரியே அடுத்த நாள் பாட்டை ஒரு தாளில் எழுதிக்கொள்வது என்று வைத்துக்கொண்டேன். குறுந்தொகை இதற்கென்றே தொகுத்ததுபோல இருக்கும். ஏறக்குறைய எல்லாமே நாலு அடியிலிருந்து எட்டு அடிக்குள். நானூற்றுச் சொச்சம் பாட்டில் எதை எடுத்தாலும் உள்ளங்கைத் தாளில் அடங்கும். தாளுக்கும் பஞ்சமில்லை. தப்பாக எழுதிக் கிழித்துப்போடும் பணம் கட்டும் செலான்கள் மேஜைக்கடியில் குவிந்து கிடக்கும். அதன் பின்பக்கம் வெள்ளை. பாட்டு அங்கே. முன்பக்கத்தில் ஆயிரம், ஐந்நூறு, நூறு, ஐம்பது என்று எந்த நோட்டு எத்தனை என்று நிரப்பக் கட்டம் போட்டிருக்குமே, அந்தக் கட்டங்களில் அருஞ்சொற்களுக்குப் பொருள். ஆயிரத்துக்கு நேரே ஒரு மரத்தின் பெயர், ஐந்நூறுக்கு நேரே ஒரு பறவை. உ.வே.சா. 1937இல் பதிப்பித்த உரையின் மறுபதிப்பு வீட்டில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் நிரப்புவேன். திருபுவனம் தாண்டும்வரை செலானைத் திருப்பிப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சட்டம். பாட்டு புரிகிறதோ இல்லையோ, அதுவரை மல்லுக்கட்டவேண்டும். திருபுவனம் பட்டுக்கடைப் போர்டுகள் கடந்ததும் திருப்பலாம்.

தினம் அதே பஸ்ஸில் வரும் பூக்கார அம்மா ஒருத்தி சில நாள் பார்த்துவிட்டு, "என்ன மேடம், மந்திரமா?" என்று கேட்டாள்.

"பாட்டும்மா. பழைய பாட்டு."

"சாமி பாட்டா?"

"இல்ல. சம்பாதிக்கப் போன புருஷன் இன்னும் வரலைன்னு ஒருத்தி சொல்றா."

"எத்தினி வருஷமாச்சாம்?"

வருஷமில்லை, மழைக்காலம் வந்தும் வரவில்லை என்றுதான் பாட்டில் இருந்தது. சொன்னேன். அவள் கூடையை இடுப்பில் சரி பண்ணிக்கொண்டே, "ஒரு மழைக்கேவா? என் மவன் குவைத்து போயி மூணு மழை போயிடுச்சு" என்றாள். முல்லைத்திணைக்கு இவ்வளவு சுருக்கமான உரையை நான் எங்கும் படித்ததில்லை. அப்புறம் சில நாள், "இன்னிக்கு என்ன சொல்றா?" என்று அவளே கேட்பாள். சொல்லுவேன். சில பாட்டுக்கு முகத்தைச் சுளித்து, "வேலயத்தவ" என்பாள். தோழி சொல்லும் பாட்டுகள் மட்டும் அவளுக்குப் பிடித்திருந்தன.

எழுதுவதற்கு ஸ்ட்ராங் ரூம் வாசல். எங்கள் கிளையில் சேஃப் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று என்னிடம், இன்னொன்று கேஷியரிடம். அவர் மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து எதிர்த்திசை பஸ்ஸில் வருவார். என் பஸ் முந்தி வந்துவிடும். அவர் வரும்வரை ஒற்றைச் சாவியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது. பணம் வெளியே வராது, நகைப் பை வெளியே வராது, எனக்கு வேலையும் வராது. வாசலில் ஓர் இரும்பு முக்காலி. அதில் உட்கார்ந்து டயரியைத் தொடையில் வைத்து எழுதுவேன்.

என்ன எழுதுவது என்பதற்கும் ஒரு விதி வைத்திருந்தேன். நேற்று என்ன நினைத்தேன் என்று எழுதுவதில்லை. நேற்று என்ன பார்த்தேன் என்று மட்டும். என் மனநிலை எனக்கே அலுத்துப்போயிருந்தது. அதை எழுத உட்கார்ந்தால் 'களைப்பு' என்ற ஒரே வார்த்தையில் மாதம் முடிந்துவிடும். கேஷியரின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் எந்த இடத்தில் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். பாதி வாக்கியம் என்றால் பாதி வாக்கியம். மறுநாள் அந்தப் பாதி வாக்கியத்திலிருந்தே தொடங்கிக்கொள்ளலாம் என்பது போகப்போகத் தெரிந்தது. இதனால் டயரியில் நிறைய வாக்கியங்களுக்கு இரண்டு மசி. ஒரு பாதி நீலம், மறுபாதி கறுப்பு.

அந்தப் பக்கங்களில் அதிகம் வந்தது நகைக்கடன் மேஜைதான். 2002, 2003 இரண்டு வருடமும் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கவில்லை. குறுவை போய்விட்டது, சம்பாவும் அரைகுறை. மார்ச்சில் வயல்களில் உளுந்தும் பயறும் மட்டும்தான் கொஞ்சம் நின்றன. போன வருடம் அடகு வைத்த நகையைத் திருப்பி, வட்டியைக் கட்டி, அன்றைக்கே மறுபடி வைக்கிற கூட்டம் காலையிலிருந்து சாயங்காலம்வரை. அப்ரைசர் உரைகல்லில் நகையை ஒரு இழுப்பு இழுப்பார். பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த தங்கத்தால் இன்னொரு கோடு. இரண்டு கோட்டின் மேலும் திராவகத்தை ஒரு சொட்டுத் தொட்டுவைத்து, எது எவ்வளவு மங்குகிறது என்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். எதிரே நிற்கிற பெண்கள் கல்லைப் பார்க்கமாட்டார்கள், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் முப்பது வயது இருக்கும், ஒரு பெண் கையில் எதுவும் இல்லாமல் வந்து நின்றாள். வட்டிக்குப் பணம் பற்றவில்லை, இன்னொரு உருப்படி சேர்க்கவேண்டும் என்றாள். உருப்படி எங்கே என்று கேட்டேன். "கொஞ்சம் உள்ள வரலாமா மேடம்?" என்றாள். ஸ்ட்ராங் ரூமுக்கு முன்னால் இருக்கும் அந்த ஒடுக்கமான நடைக்குக் கூட்டிப்போனேன். சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். இடுப்பில் முடிந்திருந்த மஞ்சள் கயிற்றை எடுத்து முதலில் கழுத்தில் கட்டிக்கொண்டாள். முடிச்சு சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் சங்கிலியைக் கழற்றினாள். இரண்டும் கழுத்தில் ஒன்றாக இருந்த அந்தச் சில விநாடி அவள் நகரவே இல்லை. மறுநாள் என் அரைப் பக்கம் இதுதான். எழுதி முடித்தபோது ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டது. அன்றைக்குக் கேஷியர் வந்த பஸ் பஞ்சர்.

மகாமக வாரத்தில் மட்டும் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. வீட்டில் எனக்கென்று இருந்த மேஜை, நாற்காலி, சுவரோரம் எல்லாவற்றிலும் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கூடத்தில் வரிசையாகப் பாய், திண்ணையில் ஜமுக்காளம், மாடிப்படியில்கூட ஒரு சித்தப்பா. பஸ்களை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களிலேயே நிறுத்திவிட்டதால் அங்கிருந்து நடையோ நடை. 1992 மகாமகத்தில் குளத்தங்கரை நெரிசலில் பலர் இறந்துபோனதை ஊர் மறக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த கிழவிகள் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள்; பேசிவிட்டு, விடியற்காலையில் முதலில் புறப்பட்டவர்களும் அவர்கள்தான். குளத்துக்குள் இருபது கிணறு. ஒவ்வொன்றிலும் வாளி விட்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டால்தான் திருப்தி. எத்தனை கிணற்றில் ஊற்றிக்கொண்டோம் என்று திரும்பி வந்ததும் அவர்களுக்குள் ஒரு கணக்கு. பெரியத்தை பத்தொன்பதில் நின்றுவிட்டாள். விட்டுப்போன கிணறு எது என்று அன்று பூராவும் விசாரணை நடந்தது.

அந்த வாரம் எனக்கு மிஞ்சியது சமையலறை ஒன்றுதான். அதிலும் நான் தனியாக இல்லை. வெண்டைக்காய் நறுக்க ஒருத்தி, தேங்காய் துருவ ஒருத்தி, மேற்பார்வைக்குப் பெரியத்தை. அன்றைய செலானை எண்ணெய் படாமல் அஞ்சறைப்பெட்டி மூடிக்கு மேல் நிறுத்திவைத்திருந்தேன். 167ஆவது பாட்டு, கூடலூர் கிழார் எழுதியது. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் தயிரைக் கையால் பிசைகிறாள், அதே விரலைப் புடவையில் துடைத்துக்கொள்கிறாள், மாற்றிக்கொள்ளவும் நேரமில்லாமல் கண்ணில் தாளிப்புப் புகை ஏற ஏறப் புளிப்புக் குழம்பு வைத்து இறக்குகிறாள். கணவன் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறான். அவள் முகம் தெரிந்தும் தெரியாமலும் மலர்கிறது. அவ்வளவுதான் பாட்டு. மோர்க்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்.

பெரியத்தைக்கு ஒரே அதிர்ச்சி. "கைய பொடவைல தொடச்சுட்டு, அதே பொடவையோட பரிமாறினாளா?"

தேங்காய் துருவிக்கொண்டிருந்த சின்ன மாமி தலை நிமிராமல் சொன்னாள்: "அதை விடுங்கோ. நன்னா இருக்குன்னு வாயத் தொறந்து சொன்னான் பாருங்கோ. நம்மாத்துல எவன் சொல்லியிருக்கான்?"

"அவ சாப்ட்டாளான்னு கேட்டானா?" என்றாள் வெண்டைக்காய்க்காரி.

பாட்டில் இல்லை என்றேன். இந்தப் பாட்டுக்கு எத்தனையோ பேர் நயம் எழுதியிருக்கிறார்கள். அவள் சாப்பிட்டாளா என்று யாரும் கேட்டு நான் படித்ததில்லை. அன்றைய அரைப் பக்கத்தை அரிசி டின் மேல் வைத்து நின்றுகொண்டே எழுதினேன். அந்தப் பக்கத்தில் இன்னும் மஞ்சள் கறை இருக்கிறது.

விருந்தாளிகள் போனதும் ராத்திரி மேஜை திரும்பக் கிடைத்தது. மகளுக்குத் தனியாக உட்கார்ந்து படித்தால் தூக்கம் வரும். "நீ முழிச்சுண்டு இரு, நான் படிக்கறேன்" என்பாள். பேசக்கூடாது, டிவி கூடாது, எழுந்து போகக்கூடாது. எதிரே ஓர் ஆள் விழித்திருப்பது மட்டும் வேண்டும். இப்படி ஓர் அதிகாரபூர்வமான சும்மா எந்த மாதத்தில் கிடைக்கும்? 'வேள்வித் தீ'யை அங்கே வைத்துக்கொண்டேன்.

எம்.வி.வெங்கட்ராம் எங்கள் ஊர்க்காரர். 'காதுகள்' நாவலுக்காக 1993இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றவர், 2000த்தில் காலமானார். பட்டு ஜரிகை வியாபாரத்தில் இருந்தவர். 'வேள்வித் தீ' கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளர்களைப் பற்றிய நாவல். அதை அந்த மாதத்துக்கென்று தேர்ந்தெடுத்ததற்கு இலக்கியக் காரணம் எதுவும் கிடையாது. எங்கள் கிளையின் பாக்கிப் பட்டியலில் பாதிப் பேர் பட்டு நெசவாளர்கள். 90 நாள் கெடுவுக்குள் அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்கப்போவது நான். போவதற்கு முன்னால் அந்த வீடுகளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாமே என்று நினைத்தேன். கடன் விண்ணப்பத்தில் தறி ஒன்று, குடும்பத்தார் ஐவர் என்பதற்கு மேல் எதுவும் இருக்காது.

மாத நடுவில் மேனேஜரோடு ரெகவரிக்குப் போனேன். தெருவுக்குள் நுழைந்ததுமே தறிச் சத்தம். ஒரு வீட்டில் சத்தம் இல்லை. அதுதான் நாங்கள் போகவேண்டிய வீடு. குழித்தறி. காலைத் தொங்கவிட்டு மிதிக்கும் குழியில் சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள். பாவு ஏற்றித் தயாராக இருந்தது, ஊடைக்குப் பட்டு வரவில்லை. வீட்டுக்காரர் எழுந்து, தோளில் இருந்த துண்டை எடுத்துவிட்டு நின்றார். அவர் மனைவி அறுந்த பாவிழை ஒன்றை இரண்டு விரலால் உருட்டி முடிச்சிட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

மேனேஜர் 90 நாள் விதியை விளக்கினார். பொறுமையாகத்தான் சொன்னார்; அவரும் மேலிடத்திலிருந்து தினம் போனில் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நாள் கணக்கு எங்களுக்கு எப்பிடி சார் ஒத்து வரும்?" என்றார் நெசவாளர். "பட்டு வந்துச்சுன்னா ராத்திரி பகலா ஓட்டுவோம். வரலைன்னா தறியத் தொடச்சுக்கிட்டு உக்காந்திருப்போம். முதலாளி கணக்கு முடிக்கிறப்பதான் காசு. அது தொண்ணூறு நாளும் இருக்கும், நூத்திப் பத்து நாளும் இருக்கும்."

முதல் நாள் இரவு நான் நாவலில் படித்திருந்த வீடு இதே அளவுதான் இருக்கும். ஆனால் நாவலில் எனக்குக் கேட்காத ஒன்று அங்கே இருந்தது. சத்தம் நின்ற வீட்டுக்குள் மற்ற வீடுகளின் தறிச் சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்பது. இருந்ததை எடுத்துக் கொடுத்தார், ஒரு தவணைக்குக் கொஞ்சம் குறைவு. மேனேஜர் ரசீது போட்டார். அது கணக்கை அந்த மாதம் தாண்ட வைத்தது. அடுத்த காலாண்டுக்கு மறுபடி போகத்தான் வேண்டியிருந்தது.

இதனால் அன்று ராத்திரி 'வேள்வித் தீ' மெதுவாகிவிட்டது. தறி, அச்சு, நாடா என்று வந்த இடங்களில் நின்று நின்று படித்தேன். முன்னாலென்றால் அவற்றைத் தாண்டிக் கதைக்கு ஓடியிருப்பேன். மாதக் கடைசிக்குள் முடிக்கவேண்டும் என்று எழுதிவைத்திருந்தது நினைவுக்கு வந்தது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். படிப்புக்கு டார்கெட் வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வேலைநாள் முழுக்க நான் டார்கெட்டோடு குடித்தனம் நடத்தியவள். வருடத்துக்கு ஐம்பது புத்தகம், நூறு புத்தகம் என்று கணக்கு வைக்கிறவர்களைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு எங்கள் மண்டல அலுவலகம் ஞாபகம் வரும். அங்கேயும் எண்ணிக்கைதான் கேட்பார்கள், எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்கமாட்டார்கள்.

மகள் எதிரே இருந்து அடிக்கடி, "நீ மட்டும் கதை படிக்கறே" என்று முறைப்பாள். பரீட்சை முடியட்டும் என்பேன். "முடிஞ்சதும் அது எனக்கு" என்று அப்போதே முன்பதிவு செய்துகொண்டாள்.

கடைசி வாரம் பற்றி எழுத அதிகம் இல்லை. பஸ்ஸில் செலானைக் கையில் வைத்துக்கொண்டே நின்றபடி தூங்கினேன். பூக்கார அம்மா எழுப்பி இறக்கிவிட்டாள். 29ஆம் தேதி திங்கட்கிழமை முல்தானில் சேவாக் முந்நூறு அடித்தார். எதிர் டீக்கடை டிவியிலிருந்து சத்தம் வந்ததும் கவுண்டரில் நின்றவர்களும் கவுண்டருக்கு உள்ளே இருந்தவர்களும் ஒன்றாக வெளியே ஓடினார்கள். அன்றைய அரைப் பக்கம் ஆளில்லாத வங்கியைப் பற்றியது. மின்விசிறிகள் சுற்றுகின்றன, லெட்ஜர் தாள்கள் படபடக்கின்றன, அப்ரைசரின் உரைகல் மேஜையில் தனியாக இருக்கிறது.

31ஆம் தேதி ராத்திரி பேலன்ஸ் டாலியாகவில்லை. எங்கள் கிளைக்குக் கணினி வந்திருந்தாலும் நகைக்கடன் லெட்ஜர் அப்போதும் கையால்தான். வித்தியாசம் 2,700 ரூபாய். வங்கியில் பழைய ஆட்களுக்கு ஒரு சூத்திரம் தெரியும். வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், யாரோ இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். 2,700 வகுபடுகிறது. அப்படியானால் 6,300ஐ 3,600 என்றோ, 4,100ஐ 1,400 என்றோ எழுதியிருக்கலாம். மூன்று பேர் மூன்று லெட்ஜரை எடுத்துக்கொண்டோம். ஒருவர் படிக்க ஒருவர் டிக் அடிக்க என்று போனது. கடைசியில் அகப்பட்டது 6,300தான். அதை எழுதியவர் யார் என்று கையெழுத்திலிருந்து எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் பெயரைச் சொல்லவில்லை. அவர் எழுந்து போய் எல்லோருக்கும் டீ வாங்கிவந்தார்.

என் டயரியில் மார்ச் 31ஆம் தேதிப் பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அந்தக் கூட்டல் கழித்தல்தான், மேலிருந்து கீழ்வரை. அவசரத்துக்கு அதுதான் கையில் அகப்பட்ட தாள். நீளத்தில் அரைப் பக்கத்துக்கு மேலேயே இருந்ததால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஏப்ரல் 1ஆம் தேதி வங்கிக்கு விடுமுறை என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கும். கதவு மட்டும்தான் சாத்தியிருக்கும், உள்ளே நாங்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்போம். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து, கணவர் சொன்ன அந்த அக்கடா ஏப்ரலில் ஒரு மத்தியானம் கை கால் அலம்பிக்கொண்டு 'வேள்வித் தீ'யைத் தேடினால் மேஜையில் இல்லை. கடைசிச் சில அத்தியாயம் எனக்குப் பாக்கி. பரீட்சை முடிந்த மகள் மாடியில் ஃபேனுக்கு நேரே படுத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

"நான் முடிக்கலடி அதை."

"நாந்தான் புக் பண்ணேன்ல?" என்றாள், கண்ணை எடுக்காமல். "நாளைக்குத் தரேன். வேணும்னா முடிவு என்னன்னு சொல்லட்டுமா?"